அவுன்ஸ்காரரின் மூன்று பெஞ்சுகள்

சேலம் ஜில்லாவில் ஒரு காலத்தில் மனிதர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் விழித்திருந்தார்கள் என்றால், அதற்குச் சர்க்காரும் காரணமில்லை, பள்ளிக்கூடங்களும் காரணமில்லை, அவுன்ஸ்காரர் ஒருவர்தான் காரணம். இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லுவேன். மறுத்துப் பேசுகிறவர் யாராவது இருந்தால், அவர் அவுன்ஸ்காரர் கையால் காப்பி வாங்கிக் குடிக்காதவர் என்று முடிவு கட்டிவிடலாம். பாவம், அவரை மன்னித்து விட்டுவிடுவோம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம், "பேரு கெடக்குதுங்க, நாக்க நீட்டுங்க" என்பார். ஏற்காட்டு மலையில் ஒரு காப்பித் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். ஆஸ்பத்திரியை மூடிவிட்டு டாக்டர் துரை கப்பலேறியபோது, கோடு போட்ட அவுன்ஸ் கிளாஸ் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அதை மேல்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மலையிறங்கிய மனுஷர், சேலத்தில் நான் நகல் குமாஸ்தாவாக இருந்த சர்க்கார் கச்சேரிக்கு எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக் காப்பி கிளப் ஆரம்பித்தார். எந்தக் கச்சேரி என்று கேட்காதீர்கள். அதிலிருந்தவர்களின் பேரன்மார் இப்போது பெரிய உத்தியோகங்களில் இருக்கிறார்கள்.

அந்த நாளில் காப்பி கிளப் என்றால் வாசலிலேயே போர்டு தொங்கும். இன்ன ஜாதிக்கு உள்ளே இடம், இன்ன ஜாதிக்கு வெளியே இடம். அவுன்ஸ்காரர் கொட்டகையில் போர்டு கிடையாது. மூன்று பெஞ்சுகள் இருந்தன. ஒன்றின் முதுகில் 'மந்தம்' என்று சுண்ணாம்பால் எழுதியிருக்கும். இன்னொன்றில் 'சூடு'. மூன்றாவதில் 'கவலை'. வருகிறவர் பட்டக்காரரோ பண்ணையாளோ, வாசலிலேயே நிறுத்தி நாக்கைப் பார்ப்பார், கண் ரெப்பையை இழுத்துப் பார்ப்பார், ஒரு பெஞ்சைக் காட்டுவார். அங்கேதான் உட்கார வேண்டும். இதனால் செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டி முதலாளியும் அவர் கடை மூட்டை தூக்குகிறவரும் ஒரே கவலை பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்து காப்பி குடித்த அதிசயத்தை நான் கண்ணால் பார்த்தேன். இருவருக்கும் ஒரே கவலை என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. இருவர் வீட்டிலும் மாமியார் வந்திருந்தார்.

புதிதாக வருகிறவர்களுக்குக் கோபம் வரும்.

"ஏனுங்க, ஒரு காப்பி குடிக்கறதுக்கு நாக்க நீட்டோணுமா?"

"காப்பி நாக்கு வழியாத்தானுங்க போவுது. வழி எப்படி இருக்குதுன்னு பாக்க வேண்டாமுங்களா?"

"நான் காசு குடுக்கறேன், நீ காப்பி குடு."

"பாத்தீங்களா, சூடு. அந்த பெஞ்சுக்குப் போங்க சாமி. உங்களுக்கு இன்னிக்குக் காப்பி கெடையாது. சுக்குத்தண்ணிதான்."

கேட்ட பண்டத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி வியாபாரம் நடத்திய ஒரே மனுஷர் அவர்தான். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. தன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இல்லை?

அவருடைய சாஸ்திரம் சுலபமானது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு மழைக்காலம் மருந்தெல்லாம் தீர்ந்துபோயிற்றாம். பாதை அடைபட்டு மேலே எதுவும் வரவில்லை. வாசலில் கூலியாட்கள் வரிசையாக நிற்கிறார்கள். "மருந்து இல்லீங்க. ஆனா ஆஸ்பத்திரியச் சுத்திலும் காப்பி காய்ச்சுத் தொங்குது. எனக்கென்னங்க தெரியும்? வறுத்து இடிச்சு ஆளுக்கு இத்தனை அவுன்ஸ்னு குடுத்தேன். அழுதவன் சிரிச்சான், படுத்தவன் எந்திரிச்சான், ஊமையாட்டம் இருந்தவன் மேஸ்திரியப் பாத்து நாயம் கேட்டான். மேஸ்திரி எங்கிட்ட வந்து, இனிமேப்பட்டு அவனுக்கு மட்டும் குடுக்காதேன்னாரு. அப்பத்தானுங்க எனக்கு வெளங்குச்சு, இது வவுத்துக்குப் போற சரக்கு இல்ல, மண்டைக்குப் போற சரக்குன்னு."

அதிலிருந்து அவர் கண்ட முடிவு இது. ரெண்டு அவுன்ஸ் டிகாஷன் கண்ணைத் திறக்கும். மூன்று அவுன்ஸ் காதைத் திறக்கும். நாலு அவுன்ஸ் வாயைத் திறக்கும். "அதுக்கு மேல போனா?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். "அதுக்கு மேல எதையும் மூட முடியாதுங்க" என்றார்.

அவர் வைத்தியம் எப்போதும் பலித்தது என்று சொன்னால் என் வாய்க்கு ஜலம் கிடைக்காது. ஒரு நிலத்தகராறு விசாரணைக்கு ஒரு சாட்சியை வக்கீல் அழைத்து வந்திருந்தார். என்ன கேட்டாலும் 'எனக்குத் தெரியாதுங்க' என்று மட்டும் சொல்ல வேண்டுமென்று ஒரு வாரமாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த ஆள் போகிற வழியில் கொட்டகையில் நுழைந்தான். அவன் பயந்த முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, தைரியத்துக்காக அவுன்ஸ்காரர் நாலு அவுன்ஸ் கொடுத்துவிட்டார். விசாரணையில் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வரப்பை எந்த வருஷம் யார் நகர்த்தினார்கள், யார் மண்வெட்டி கொடுத்தார்கள், அன்றைக்கு வக்கீல் வீட்டுக்கு எத்தனை கோழி போயிற்று, எல்லாவற்றையும் சொன்னான். போதும் நிறுத்து என்று அதிகாரி சொன்ன பிறகும் சொன்னான். வக்கீல் கொட்டகைக்கு வந்து குதித்த குதியில் ஒரு கீற்று கழன்று விழுந்தது. அவுன்ஸ்காரர் அவரையும் சூடு பெஞ்சில் உட்கார வைத்துச் சுக்குத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினார்.

இந்த மூன்று பெஞ்சிலும் எனக்கு இடம் கிடையாது. முதல் நாள் என் நாக்கைப் பார்த்தார், ரெப்பையை இழுத்தார், 'ம்' என்றார். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு முக்காலியைக் காட்டினார். அன்றிலிருந்து அதுதான் என் இடம். ராசிபுரத்திலிருந்து வந்து அஸ்தம்பட்டியில் ஓர் அறையில் தனியாகக் கிடந்த எனக்கு, காலையில் அந்த அடுப்பின் அனலும் அவர் பேச்சும் பழகிப்போயிற்று. "எனக்கு என்ன கோளாறுங்க?" என்று அவ்வப்போது கேட்பேன். "சொல்லறேன், சித்தப் பொறுங்க" என்பார். இது எந்தப் பெஞ்சிலும் அடங்காத பெரிய வியாதியாக இருக்குமோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு.

இப்போது மனுக் கந்தப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கச்சேரி வாசலில் மரத்தடியில் சாக்கை விரித்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர். அவர் மனுவைப் படித்து அழாத அதிகாரி கிடையாது. எருமை செத்ததற்கு நிவாரணம் கேட்டு அவர் எழுதிய ஒரு மனுவை நான் நகல் எடுத்தபோது, அந்த எருமை எனக்கு அக்கா முறை ஆகிவிட்டது. ஆனால் இவ்வளவு உருக்கமும் கந்தப்பனுக்குக் கள்ளுக்கடையிலிருந்துதான் வரும். காலையில் ஒரு மொந்தை போட்டால்தான் பேனா நகரும். மாலையில் கால் நகராது. இதைச் சகிக்க முடியாமல் அவர் சம்சாரம் ஆட்டையாம்பட்டியில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். ராஜதானியிலேயே முதலில் எங்கள் ஜில்லாதான். ஊரெல்லாம் கொண்டாட்டம். கந்தப்பன் சம்சாரம் பெட்டியோடு திரும்பி வந்தாள். கந்தப்பனுக்கும் சந்தோஷம்தான். ஆனால் பேனாவுக்குச் சந்தோஷமில்லை. அடுத்த வாரம் அவர் எழுதிய மனுவை நான் பார்த்தேன். 'எருமை செத்தது. பணம் வேண்டும்.' அவ்வளவுதான் இருந்தது. வாடிக்கைக்காரர்கள் வேறு மரத்தடிக்குப் போகத் தொடங்கினார்கள்.

பள்ளிபாளையத்துப் பக்கம் காவேரியைத் தாண்டினால் ஈரோடு. அது வேறு ஜில்லா. அங்கே கடைகள் திறந்தே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றைத் தாண்டுகிற பக்தர்கள் கூட்டம் ஏகாதசிக் கூட்டத்தைத் தோற்கடித்தது. கந்தப்பனுக்கும் கால் அரிக்க ஆரம்பித்தது. அதைக் கண்டுகொண்ட அவர் சம்சாரம் நேரே கொட்டகைக்கு வந்தாள்.

"அவுன்ஸ்காரரே, இவரு ஒருக்கா ஆத்தத் தாண்டினாருன்னா, நான் ஆட்டையாம்பட்டியத் தாண்டி வரமாட்டனுங்க. நீங்கதான் ஏதாச்சும் பண்ணோணும்."

"நீ ஊட்டுக்குப் போ அம்மிணி. கள்ளு எறங்கின எடத்துல காப்பிய ஏத்தறது எம்பொறுப்பு."

ஏற்றினார். முதல் வாரம் ரெண்டு அவுன்ஸ். கந்தப்பனுக்குக் கண் திறந்துவிட்டது. மனு கேட்டு வந்தவரை உற்றுப் பார்த்து, "உன்ற எரும சாகலியே, நேத்துக்கூடச் சந்தையில பாத்தனே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்று வருமானம் சூனியம். அடுத்த வாரம் மூன்று அவுன்ஸ். காது திறந்தது. வந்த கிழவி ஒருத்தியின் கதையைக் காலையிலிருந்து பொழுது சாயும் வரை கேட்டார். கிழவி மனம் குளிர்ந்து, மனுவே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள். அதற்கடுத்த வாரம் நாலு அவுன்ஸ். உடைந்த மதகைச் சரி செய்யக் கோரும் மனு, அந்த மதகை எந்த ராஜா எந்தக் கனவு கண்டு கட்டினான் என்பதிலிருந்து தொடங்கி, ஒரு தஸ்தா காகிதம் தீர்ந்ததால் மட்டும் நின்றது.

கந்தப்பன் பேனாவைக் கீழே வைத்தார். "என்னால ஆகாதுங்க. நான் ஈரோட்டுக்கே போயிடறேன்."

"இருங்க கந்தப்பா. கழுதையும் குதிரையும் ஒரே வேகத்துல ஓடுமா? உங்களுக்கு உங்க அளவு. அது எங்கியோ ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவால ஒளிஞ்சிருக்குது. நான் புடிச்சுப்போடறேன்."

பிடித்தார். ரெண்டரை அவுன்ஸ், கூடவே கொஞ்சம் கருப்பட்டி. அன்றைக்கு எழுதிய மனுவில் கண்ணீர் இல்லை. ஆனால் யாருக்கு என்ன கஷ்டம், யார் காரணம், என்ன செய்தால் தீரும் என்று பளிச்சென்று இருந்தது. எழுத்துகள் வரிசை பிசகாமல் நின்றன. கந்தப்பன் அதை மறுபடி மறுபடி படித்தார். "நானாங்க எழுதினேன்?" என்று என்னைக் கேட்டார். "கள்ளு குடிச்சப்ப எல்லாரையும் அழ வெச்சேன். எனக்கே என்ன எழுதினேன்னு தெரியாது. இப்பத்தான் தெரிஞ்சு எழுதறேன்." அன்று சாயந்திரம் அவர் சம்சாரத்துக்குப் பூ வாங்கிக்கொண்டு போனதை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் கச்சேரிக்குப் புது அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், லஞ்சம் வாங்காதவர், கோள் கேட்காதவர். ஒரே ஒரு குறை. சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தால் ஒரு கண் மூடிக்கொள்ளும், மற்றது பாதி திறந்திருக்கும். நாங்கள் அவருக்கு அரைக்கண்ணர் என்று பேர் வைத்தோம். மத்தியானத்துக்கு மேல் அவர் போடுகிற கையெழுத்து காகிதத்தின் நடுவில் தொடங்கி, சரிந்து, ஓரத்தைத் தாண்டி மேஜையில் முடியும். நீட்டியது எந்தக் காகிதமானாலும் கையெழுத்து விழும். ஜனங்கள் வெளியே மரத்தடியில் நாள் கணக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் கொட்டகைக்கு வந்துவிட்டார். தலைப்பாகை இல்லாமல் வந்ததால் என்னைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவுன்ஸ்காரர் வழக்கப்படி ரெப்பையை இழுத்தார்.

"மந்தம். அந்த பெஞ்சுல உக்காருங்க."

அதிகாரி முகம் சிவந்தது. "நான் ஆர் தெரியுமா?"

"தெரியுமுங்க. தூக்கம் தெளியாதவரு."

கொட்டகையே சிரித்தது. முக்காலியில் இருந்த நான் மட்டும் தம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அதிகாரி காப்பி குடிக்காமலே திரும்பி நடந்தார். அந்த வாரமே நோட்டீஸ் வந்தது. கொட்டகை நிற்கிற இடம் புறம்போக்கு, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஆட்கள் வந்து பிரிப்பார்கள். கீழே கையெழுத்து வழக்கம்போலச் சரிந்து வெளியே போயிருந்தது.

அவுன்ஸ்காரர் நோட்டீஸை வாங்கி மடித்து அடுப்பு மேடையில் வைத்தார். அன்றிலிருந்து கொட்டகையில் எல்லாம் தலைகீழ். சூடு பெஞ்சுக்குக் காப்பி போயிற்று, மந்தம் பெஞ்சுக்குச் சுக்குத்தண்ணி போயிற்று. ஒரு பக்கம் தூங்கினார்கள், ஒரு பக்கம் அடித்துக்கொண்டார்கள். யாருடைய நாக்கையும் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கந்தப்பன் காகிதமும் பேனாவுமாக வந்து நின்றார். "எனக்கு ரெண்டரை அவுன்ஸ் ஊத்துங்க. நான் மனு எழுதறேன்."

அவுன்ஸ்காரர் கிளாஸை எடுத்தார். ஊற்றினார். கோட்டைத் தாண்டிப் போயிற்று. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினார். கோட்டைத் தொடவில்லை. அத்தனை வருஷத்தில் அந்தக் கை அளவு தப்பி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்லுகிறேன்.

கந்தப்பன் கிளாஸை மெதுவாக வாங்கிக்கொண்டார். "நாக்க நீட்டுங்க அவுன்ஸ்காரரே."

"எனக்கென்னத்துக்குங்க?"

"நீட்டுங்கன்னா நீட்டோணும். உங்க கடைச் சட்டம்."

நீட்டினார். கந்தப்பன் ரெப்பையை இழுத்துப் பார்த்து, அவர் தோளைப் பிடித்துக் கொண்டுபோய்க் கவலை பெஞ்சில் உட்கார வைத்தார். கவலை பெஞ்சுக்கு உண்டான வைத்தியம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு அவுன்ஸ், பால் தூக்கலாக, குடித்துக்கொண்டே கவலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கந்தப்பனே கலந்து கொடுத்தார்.

அவுன்ஸ்காரர் ரெண்டு வாய் குடித்தார். "கொட்டாய் போனாப் போவுதுங்க. கீத்துதான். எனக்கு ஊடு வாசல் இல்ல, கேக்கறதுக்கு நாதியில்ல. மலையில இருந்தப்பவும் அப்படித்தான். நாளைக்குக் காலையில எந்திரிச்சா நான் ஆரோட நாக்கப் பாக்கறது? ஆரைப் பாத்து, உக்காருங்கன்னு சொல்லறது?"

கந்தப்பன் தனக்கு ரெண்டரை அவுன்ஸ் தானே அளந்து ஊற்றிக்கொண்டு, சாக்கில் போய் உட்கார்ந்தார். மத்தியானம் வரை எழுதினார், கிழித்தார், எழுதினார். கடைசியில் ஒரே ஒரு பக்கம். அந்த மனுவைப் பிற்பாடு நகல் எடுத்தவன் நான்தான் என்பதால் எனக்கு மனப்பாடம்.

'மகாகனம் பொருந்திய எஜமான் அவர்கள் சமுகத்துக்கு மனுதாரன் கந்தப்பன் எழுதிக்கொண்டது. எதிரே உள்ள கொட்டகையை அப்புறப்படுத்த எஜமானவர்கள் உத்தரவு செய்திருக்கிறீர்கள். அது சரியா தப்பா என்று சொல்ல நான் யார். அந்த உத்தரவில் எஜமானவர்களின் கையெழுத்து காகிதத்தை விட்டு இறங்கிப் போயிருக்கிறது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்ளுகிறேன். கள் குடித்த காலத்தில் என் கையெழுத்தும் அப்படித்தான் போயிற்று. இப்போது நேராக நிற்கிறது. இந்த மனுவிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் காரணமான வஸ்துவை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் அதைப் பரிசீலித்து, பிறகு அந்த உத்தரவை எஜமானவர்கள் இரண்டு கண்ணாலும் ஒருமுறை படிக்கப் பிரார்த்திக்கிறேன். இணைப்பு: காப்பி, தம்ளர் ஒன்று.'

சர்க்கார் கச்சேரியில் ஒரு சம்பிரதாயம் உண்டு. மனுவோடு இணைப்பு இருந்தால், அதைப் பிரித்துவிடக் கூடாது. இரண்டும் ஒன்றாகவே அதிகாரி மேஜைக்குப் போக வேண்டும், இரண்டிலும் தேதி முத்திரை விழ வேண்டும். பித்தளைத் தம்ளரை வாழை இலையால் மூடி நூலால் கட்டி, மனுவையும் சேர்த்து நான் ஏந்திக்கொண்டு போனபோது, தபால் குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"என்ன ஓய் இது?"

"இணைப்பு."

"இதுல முத்திரையை எங்கே குத்தறது?"

"எங்கேயாவது குத்துங்க, ஆறுது."

அவர் சட்டம் தெரிந்த மனுஷர். யோசித்தார், பெருமூச்சு விட்டார், வாழை இலையின் நடுவில் ஒரு குத்துக் குத்தினார். தேதி பச்சையில் தெளிவாக விழுந்தது. டவாலிச் சேவகர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததேயில்லை. நடந்தே அபூர்வம்.

நான் கதவோரம் நின்றேன். அதிகாரியின் ஒரு கண் மூடியிருந்தது, மற்றது பாதி. மேஜையில் தம்ளரை வைத்ததும் மூக்கு முதலில் விழித்துக்கொண்டது. பிறகு திறந்திருந்த கண். அவர் மனுவைப் படித்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் கோபம் வரவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு சங்கடத்தை யாரோ நாசூக்காகத் தொட்டுவிட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு முகம் வந்தது. நூலை அவிழ்த்தார். குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் மணியை அடித்தார். "அடுத்த கட்டைக் கொண்டா."

அன்று மத்தியானம் எங்கள் கச்சேரியில் நடந்ததை நான் வர்ணித்தால் நம்ப மாட்டீர்கள். கட்டுக் கட்டாகக் காகிதங்கள் உள்ளே போய் வெளியே வந்தன. மரத்தடியில் காத்துக் கிடந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கேள்வி கேட்டார், பதிலைக் காதில் வாங்கினார். கையெழுத்துகள் காகிதத்துக்குள்ளேயே நிமிர்ந்து நின்றன. இருபது வருஷம் சர்வீஸ் போட்ட குமாஸ்தாக்களுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒருவர் மனம் விட்டு, "அந்தத் தம்ளர்ல இனிமே பாதி ஊத்தச் சொல்லுங்க" என்று என்னைக் கெஞ்சினார்.

பொழுது சாய்கிற நேரம். கொட்டகையைப் பிரிக்க ஆட்கள் கடப்பாரையோடு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவுன்ஸ்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, அவுன்ஸ் கிளாஸை மேல்துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கந்தப்பன் பக்கத்தில் நின்றார். அதிகாரி கச்சேரிப் படியிறங்கித் தெருவைத் தாண்டி வந்தார். இந்தத் தடவை தலைப்பாகையோடு. எல்லோரும் விலகி வழி விட்டார்கள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே உள்ளே போனார். மந்தம் பெஞ்சில் உட்கார்ந்தார். அவுன்ஸ்காரரை நிமிர்ந்து பார்த்து நாக்கை நீட்டினார்.

அவுன்ஸ்காரர் கிட்டே போனார். குனிந்து நாக்கைப் பார்த்தார். ரெப்பையை இழுத்துப் பார்த்தார். அவுன்ஸ்காரருடைய கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. அதற்குள்ளும் தொழிலை விடவில்லை.

"இன்னிக்குப் போதுமுங்க. நாளைக்கு மத்தியானம் ரெண்டே ரெண்டு அவுன்ஸ்."

அதிகாரி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். "அந்த நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டதே எனக்கு ஞாபகம் இல்லை. இப்போ படிச்சேன். நோட்டீஸை எழுதினவனுக்கும் தூக்கம்போல இருக்கு" என்றார். அந்த இடத்தைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்த உத்தரவு அடுத்த வாரம் வந்தது. கையெழுத்து நேராக இருந்தது. கடப்பாரை ஆட்கள் அந்த வெள்ளிக்கிழமை கவலை பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். கந்தப்பன் வீட்டுக்குப் போகிற வழியில் மறுபடி பூ வாங்கினார். அவர் கடைசி வரை ஆற்றைத் தாண்டவேயில்லை.

எல்லோரும் போன பிறகு அவுன்ஸ்காரர் அடுப்பை மறுபடி மூட்டினார். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கிடைத்த தைரியத்தில் கேட்டேன்.

"இன்னைக்காவது சொல்லுங்க. எனக்கு என்ன கோளாறு? ஏன் எந்தப் பெஞ்சிலயும் உட்கார வைக்கலை?"

அவர் எனக்கு ஊற்றிக் கொடுத்தார். கிளாஸில் அளக்கவில்லை.

"உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லீங்க சாமி. மொத நாளே பாத்துட்டேன், நல்ல தெளிவான நாக்கு. காலையில அடுப்பு மூட்டறப்ப எனக்குத்தான் பக்கத்துல ஓராளு வேண்டியிருந்துச்சு. அது எங்கோளாறு. அந்த முக்காலி அதுக்குப் போட்டதுங்க."

அவர் போய் எத்தனையோ வருஷமாயிற்று. என் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடக்கிறது. அதை எடுத்து ஓரமாகப் போடச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை. காலையில் காப்பி கலக்கிறபோது, அவர் வந்து உட்கார்ந்தால் தேவலை என்று எனக்கு இருக்கிறது.